சீர் ஏற்றி வந்த வண்டி

மரக்காணம்
8.7.2024

அன்புள்ள அத்தைக்கு,

கலைமதி எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா காரியத்தின்போது ஓடி ஓடி வேலை பார்த்து வீங்கியதே, இறங்கியதா?

கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதீர்கள். போனில் எதைக் கேட்டாலும் "சரிம்மா, சரிம்மா" என்றுதான் பதில் வருகிறது. ஹாலிலும் சமையல்கட்டிலும் கேமரா மாட்டி, உங்கள் பிள்ளை பெர்த்தில் உட்கார்ந்து பார்க்கிறார். உங்கள் போனுக்கு வரும் மெசேஜ் அவர் லேப்டாப்பிலும் விழுகிறது. ஆஸ்திரேலியாவில் இருந்தாலும் நம் வீட்டுக் குழம்பில் உப்பு போட்டதுவரை அவருக்குத் தெரியும். அதனால்தான் வைஜெயந்தி அக்கா தையல் கடை முகவரிக்கு எழுதுகிறேன். ஜாக்கெட் அளவு கொடுக்கப் போகிற மாதிரி போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் தம்பி ராஜாங்கம் மாமா லோடு வண்டியில் வந்து இறங்கினார். வண்டியில் என் கல்யாணச் சீர் பாத்திரம் அத்தனையும் இருந்தது. "அக்கா அனுப்புச்சி" என்றார், அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தெருவே கூடிவிட்டது. அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க பொண்ணு சாமான் எங்களுக்குப் பாரமா? இறக்குங்கடா!" என்று அவரே வண்டிமேல் ஏறிவிட்டார். ராஜாங்கம் மாமா எல்லாவற்றையும் செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். சீர் திரும்பி வந்து, பெண் வீட்டார் அதை இறக்கிவிட்டால் நம் ஜனங்களிடம் என்ன அர்த்தம் என்று நான் சொல்லியா உங்களுக்குத் தெரிய வேண்டும்? மறுநாளே பக்கத்து வீட்டில், "எப்பம்மா அத்துவிட்டாங்க?" என்று கேட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே ஈமெயிலும் வந்தது. பெர்த் கோர்ட்டில் என்னை விவாகரத்து செய்ய மனு போட்டிருக்கிறார். காரியத்துக்கு வந்தவர், "விசா வேலை நடக்குது, கொஞ்ச நாள் உங்கப்பா வீட்ல இரு" என்று என்னை இங்கே கொண்டுவந்து விட்டார். நானும் நம்பினேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பாத்திரத்தை ஏன் அனுப்பினீர்கள்?

உங்கள் மருமகள்,
கலைமதி


கீழ்புத்துப்பட்டு
25.7.2024

அன்புள்ள கலைக்கு,

அத்தையின் ஆசீர்வாதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, வீக்கம் மட்டும் வடிந்தது. உன் அப்பாவை வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம் என்று சொல்.

சத்துணவு அமைப்பாளராக இருந்தபோது ரிப்போர்ட் எழுதிய கை. ரிட்டையர் ஆன பிறகு இன்றுதான் இவ்வளவு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே கேமரா இல்லை. பசு பார்க்கிறது, அது யாரிடமும் சொல்லாது.

பாத்திரம் உன்னுடையது. உன்னிடம் இருப்பதுதான் முறை. அதைப் பற்றி மேலே கேட்காதே.

அங்கிருந்து வரும் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே. "வயசுப் பொண்ணு, குழந்தை குட்டி இல்ல, பெரிய மனசு பண்ணி ஒதுங்கிக்கச் சொல்லு" என்று ராஜாங்கம் உன்னிடம் சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன். நீ அதைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

காலையில் சாப்பிடாமல் வேலைக்குக் கிளம்பாதே. உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
ஞானாம்பாள்


மரக்காணம்
19.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். மழைக்கு முன்னால் வாரிவிட வேண்டும் என்று உப்பளத்தில் ஓட்டமாக ஓடுகிறோம். ஆட்களுக்குக் கூலி பிரித்துக் கொடுப்பதும், ஆள் குறைந்தால் நானே பாத்தியில் இறங்குவதுமாக இருக்கிறேன். உங்கள் காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். காலையில் சாப்பிடுகிறேன்.

திண்டிவனத்தில் மேரிசெல்வி என்ற வக்கீலைப் பார்த்தேன். எடுத்தவுடனே, "வெளிநாட்ல இருக்கிறவனைச் சட்டம் ஒண்ணும் பண்ணாதுன்னு யார் சொன்னது? நீ இருக்கிற இடத்துலயே மனு போடலாம். நோட்டீஸ் ஈமெயில்லயும் போகும், எம்பசி வழியாவும் போகும்" என்றார். அங்கே பிரிந்து இருந்தாலே விவாகரத்து கொடுத்துவிடுவார்களாம். நம் சட்டத்தில் அது மட்டும் போதாது. நான் அந்தக் கோர்ட்டில் ஆஜராகவும் இல்லை, சம்மதம் சொல்லவும் இல்லை. அதனால் அந்தத் தீர்ப்பு இங்கே அப்படியே செல்லாது. செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும், விவாகரத்தான பெண் மறுமணம் செய்யாதவரை ஜீவனாம்சம் கேட்கலாமாம்.

பிறகு, "ஆர்டர் வாங்குறது ஒரு வேலை, வசூல் பண்றது வேற வேலை. அவருக்கு இங்க என்ன இருக்குது?" என்று கேட்டார். நான் வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. அவரே வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டார். மாமா படுக்கையில் இருந்தபோது மகன் பேருக்கு எழுதி வைத்த அந்த வீடு ஒன்றுதான். ஜீவனாம்சம் கட்டாவிட்டால் அதைத்தான் ஜப்தி கேட்க முடியும்.

அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "சோறு போட எனக்குத் தெம்பு இருக்குது. அந்தப் பய காசு நமக்கு எதுக்கு?" என்கிறார். "சோத்துக்கு இல்லப்பா" என்றேன். விசா வந்துவிடும் என்று ஸ்கேன் சென்டர் வேலையை விட்டேன். விசா வரவில்லை, மாமாவுக்கு வாதம் வந்தது. மூன்று வருஷம் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி எல்லாம் செய்தேன். மாமாமேல் பாசம் இருந்தது, அதனால் செய்தேன், அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் அது மகன் பார்க்க வேண்டிய வேலை. நான் இங்கே நின்றதால்தான் அவர் அங்கே நிம்மதியாகச் சம்பாதித்தார். அதற்குத்தான் கேட்கிறேன். எனக்குக் கோபம் இருக்கிறது அத்தை, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

மனு போடப் போகிறேன். வீட்டுக்கு ஏதாவது வந்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
கலை


கீழ்புத்துப்பட்டு
14.10.2024

அன்புள்ள கலைக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கை வலி. பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சீம்பால் காய்ச்சினேன், சாப்பிடத்தான் ஆளில்லை.

கேஸ் போடுவது உன் இஷ்டம். நான் குறுக்கே வரமாட்டேன். கூடவும் வரமாட்டேன்.

வீட்டுக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். கொட்டகையில் உட்கார்ந்து எழுத முடிவதில்லை. மழைக்காலம், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு நிற்காதே.

இப்படிக்கு,
ஞானாம்பாள்


மரக்காணம்
21.11.2024

அத்தைக்கு,

வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் நன்றாக இல்லை.

விழுப்புரம் குடும்ப நல கோர்ட்டில் உங்கள் பிள்ளை வக்கீல் வைத்துப் பதில் மனு போட்டுவிட்டார். அங்கே விவாகரத்து ஆகிவிட்டதாம். இங்கேயும் நம் சமூக வழக்கப்படி பெரியவர்கள் பேசி, இரண்டு வீட்டாரும் சம்மதித்து, சீரைத் திருப்பிக் கொடுத்து அத்துவிட்டார்களாம். அதற்குச் சாட்சி ராஜாங்கம் மாமா எடுத்த போட்டோக்கள். அப்பா வண்டிமேல் நின்று வெண்கலப் பானையைத் தூக்கி இறக்குகிறார், பின்னால் ஊர் நிற்கிறது. எந்தப் பஞ்சாயத்து கூடியது? யார் வந்து என்னைக் கேட்டார்கள்?

இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்ந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறதாம். அதைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்கப்பா கோவத்துல இறக்கினேன்னு சொல்லலாம். ஆனா அனுப்புனவங்க எதுக்கு அனுப்புனாங்கன்றதுதான் கேள்வி" என்கிறார் மேரிசெல்வி.

அனுப்பியது நீங்கள். உங்கள் பிள்ளை சொல்லித்தான் அனுப்பினீர்களா? போட்டோ எடுக்கத்தான் ராஜாங்கம் மாமாவைக் கூட அனுப்பினீர்களா? நான் உங்கள் வீட்டில் இருந்த காலத்தில் என்னை நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதனால்தான் இதைத் தாங்க முடியவில்லை.

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் இறக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். மழையில் வேலை இல்லை என்று தெரிந்தும் குடையை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

கலைமதி


மரக்காணம்
6.12.2024

அன்புள்ள அத்தைக்கு,

புயலில் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே? வீட்டின் பின்பக்கம் ஓடு எல்லாம் இருக்கிறதா? கொட்டகை? வைஜெயந்தி அக்கா போன் எடுக்கவில்லை. இங்கே உப்பளம் எது, உப்பங்கழி எது என்று தெரியாமல் ஒரே தண்ணீராகிவிட்டது. மூடி வைத்த உப்பு கரைந்து போய்விட்டது. நாங்கள் இருவரும் பத்திரம்.

போன கடிதத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

கலை


கீழ்புத்துப்பட்டு
18.12.2024

அன்புள்ள கலைக்கு,

ஆசீர்வாதம். நன்றாக இருக்கிறேன். முருங்கை மரம் விழுந்துவிட்டது, கொட்டகைக் கூரை பறந்துவிட்டது. மாடும் கன்றும் முன் வராந்தாவில் கட்டிக் கிடக்கின்றன. கரண்ட் இன்னும் வரவில்லை. கேமராவுக்கும் கண் மூடியிருக்கிறது, அதனால் ஹாலிலேயே மேஜை போட்டு எழுதுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். சதீஷ் பெர்த்தில் இருந்துகொண்டே வீட்டை விற்கச் சொல்லிவிட்டான். பவர் ராஜாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறான். ஜூன் கடைசியில் ஒரு பார்ட்டி வந்து வீட்டைப் பார்த்தார்கள். அந்த அம்மா சமையல்கட்டில் உன் வெண்கலப் பானையை விரலால் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் சேர்த்துத்தானே?" என்று கேட்டாள். ராஜாங்கம், "எல்லாம் சேர்த்துத்தாங்க" என்றான். உன் பேர் வெட்டிய பாத்திரத்தில் எவளோ பொங்குவதா? "பெயின்ட் அடிக்க இடம் வேணும், இதையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுட்டு வா" என்று ராஜாங்கத்திடம் சொல்லி அனுப்பினேன். சாமான் தப்பினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ பேருக்குச் சீர் திரும்பிப் போனதைப் பார்த்தவள் நான், அப்படியும் தோன்றவில்லை. போட்டோ எடுத்ததும் எனக்குத் தெரியாது.

வீடு விற்பதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நீ கேட்பாய், நான் பதில் சொல்ல வேண்டும். தை பிறந்ததும் கிரயம் என்கிறார்கள்.

இதை உன் வக்கீலிடம் சொல்லிக்கொள். ஆனால் என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிடாதே. அவன் செய்வது தப்புதான். என்றாலும் பெற்றவள் கூண்டில் ஏறிப் பிள்ளைக்கு எதிராகப் பேசுவது என்னால் ஆகாது. உன் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
ஞானாம்பாள்


மரக்காணம்
9.1.2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். கொட்டகைக்குக் கூரை போட்டாயிற்றா? அப்பா உங்கள் கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு எழுந்து போய் வெண்கலப் பானையைக் கொல்லையில் உட்கார்ந்து புளி போட்டுத் துலக்கினார். இத்தனை மாதமாக அதன் பக்கமே போகாத மனுஷன். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

வழக்கு முடியும்வரை வீட்டை விற்கக்கூடாது என்று இடைக்காலத் தடை வாங்கிவிட்டோம். ராஜாங்கம் மாமாவுக்கும் நோட்டீஸ் போயிருக்கும்.

"மாமியார் சொன்னது எழுத்துல ஏதாவது இருக்குதா?" என்று வக்கீல் கேட்டார். இல்லை என்று சொன்னேன். நீங்கள் எனக்கு எழுதியதைக் கோர்ட்டில் வைத்து உங்களை மாட்டிவிட மாட்டேன். வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றினால் நீங்களே வாருங்கள். தோன்றாவிட்டால் வரவேண்டாம், உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது. கொஞ்சம் இருக்கும்.

சாட்சி விசாரணை மார்ச்சில் வருகிறது. வீட்டை விற்றிருந்தால் உங்களை எங்கே வைப்பதாக இருந்தார்கள்? ஆகஸ்டில் கேட்டேன், இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

அன்புடன்,
கலை


கீழ்புத்துப்பட்டு
24.2.2025

அன்புள்ள கலைக்கு,

ஆசீர்வாதம். கால் பரவாயில்லை, பஸ் ஏறி இறங்க முடிகிறது.

தடை வந்ததும் சதீஷ் போன் போட்டுக் கத்தினான். போன வாரம் மறுபடி போட்டான், குரல் குழைந்திருந்தது. "அம்மா, பஞ்சாயத்து நடந்துச்சு, கலையும் ஒத்துக்கிட்டான்னு நீ வந்து கோர்ட்ல சொல்லிடும்மா. நீ சொன்னா முடிஞ்சிடும்" என்றான். நான் எந்தப் பக்கமும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன் கலை. அவன் என்னை அப்படி இருக்க விடவில்லை. பிள்ளைக்காக வாயை மூடிக்கொள்ள என்னால் முடியும். நடக்காத பஞ்சாயத்தை நடந்தது என்று சொல்ல முடியாது. சத்துணவில் அவ்வளவு வருஷம் இருந்து ஒரு முட்டைக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவள் நான்.

நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். போன வருஷம் ஜூலையில் ராஜாங்கம் என்னைப் பாண்டிச்சேரிக்கு, "சும்மா ஒரு இடம் பாத்துட்டு வரலாங்க்கா" என்று கூட்டிக்கொண்டு போனான். முதியோர் இல்லம். சுத்தமாகத்தான் இருந்தது. ஒரு கட்டிலைக் காட்டினார்கள், பக்கத்தில் ஒரு அலமாரி. அலமாரியில் முன்னாலேயே என் பேர் ஒட்டியிருந்தது. அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மார்ச்சில் வருகிறேன். வக்கீலிடம் சொல். அங்கே என்னைப் பார்த்து நீ அழுது வைக்காதே, நானும் அழமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அத்தை


மரக்காணம்
30.6.2025

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே சுகம். உங்கள் சுகத்தைப் பற்றி நீங்கள் எழுதுவதை இனிமேல் நம்புவதாக இல்லை. பசுவையும் கன்றையும் விற்றுவிட்டீர்கள் என்று வைஜெயந்தி அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கோர்ட்டுக்கு வந்த மாதத்திலிருந்து உங்கள் பிள்ளை உங்களுக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டாராமே?

தீர்ப்பு வந்துவிட்டது. மனு போட்ட தேதியிலிருந்து மாதா மாதம் அவர் எனக்கு ஜீவனாம்சம் கட்ட வேண்டும். கட்டும்வரை வீடு ஜப்தியில் இருக்கும். சம்மதித்துப் பிரிந்தார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று ஜட்ஜ் எழுதியதற்குக் காரணமே உங்கள் சாட்சிதான். அன்றைக்கு நீங்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டீர்கள். எதிர் வக்கீல், "வீடு ஜப்தியானா நீங்கதாம்மா தெருவுக்கு வருவீங்க, தெரியுமா?" என்று கேட்டதையும், "தெரியும். பாத்திரத்தை அனுப்புனது நான். அத்துவிட அனுப்பல, வித்துடப் போறாங்களேன்னு அனுப்புனேன்" என்று நீங்கள் சொன்னதையும் அப்பா உப்பளத்தில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாளுக்கு நாள் உங்கள் குரல் அவர் வாயில் பெரிதாகிக்கொண்டே போகிறது.

இதுவரை அவர் ஒன்றும் கட்டவில்லை. வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர மனு தயாராக இருக்கிறது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்களை வெளியே தள்ளி வருகிற பணத்தில் எனக்குச் சோறு இறங்காது.

மேரிசெல்வியிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "பொண்டாட்டிக்கு இருக்கிற அதே சட்டத்துல பெத்தவங்களுக்கும் உரிமை இருக்குது. அந்தம்மாவும் மகன்கிட்ட ஜீவனாம்சம் கேக்கலாம், அதே கோர்ட்ல" என்றார். கேட்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்புடன்,
கலை


கீழ்புத்துப்பட்டு
4.8.2025

அன்புள்ள கலைக்கு,

ஆசீர்வாதம். உன் அப்பா உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே காலைத் தவிர எல்லாம் நன்றாக இருக்கிறது. பசு விற்றதை மறைத்தது தப்புதான், திட்டியது போதும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபம் வந்தது. பெற்ற பிள்ளைமேல் பிராது கொடுக்கச் சொல்கிறாளே என்று கிழித்துப் போடப் போனேன். இரண்டு வாரம் கழித்து ராஜாங்கம் வந்தான். "அக்கா, கேஸ்ல சொன்னதை மாத்திச் சொல்றேன்னு எழுதிக் குடு, மறுபடி பணம் அனுப்பச் சொல்றேன்" என்றான். பிள்ளை தாய்க்குப் போடுகிற சோற்றுக்கு என் பொய்யை விலையாகக் கேட்கிறார்கள். அவன் போன பிறகு புடவையை மாற்றிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன்.

மேரிசெல்வி நல்ல பெண். டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். மனுதாரர் பேர் கேட்டாள், சொன்னேன். எதிர்மனுதாரர் பேர் கேட்டாள். சதீஷ் என்று அதையும் சொல்லிவிட்டேன். "எதிர்மனுதாரரோட அப்பா பேர் சொல்லுங்கம்மா" என்றாள்.

உன் மாமா பேரை நான் எத்தனையோ ஃபாரத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்றால் 'இந்தாங்க' என்பேன். அவர் மூச்சு நின்றபோதுகூடப் பேர் சொல்லி அழவில்லை. அந்தப் பெண் புரிந்துகொண்டு, பேனாவை நீட்டி, "எழுதிக் காட்டுங்கம்மா, போதும்" என்றாள். வேண்டாம், இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதற்கு மட்டும் என்ன வெட்கம் என்று, "ஏகாம்பரம்" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவு சத்தமாக வந்துவிட்டது. முதல்முதலில் அவர் பேரை வாயால் சொன்னது, அவர் பிள்ளைமேல் வழக்குப் போடுவதற்காக. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழமாட்டேன் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், முடியவில்லை.

பிறகு மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் உன் ஏல மனுவில் போட்டுவிடு, என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே. நம் இரண்டு மனுவையும் இருபத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் ஒன்றாகப் போடலாம் என்று மேரிசெல்வி சொன்னாள். காலையில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நில், சேர்ந்தே போகலாம். சாப்பிட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அத்தை
ஞானாம்பாள்